மின்கார் சார்ஜருக்கு வீட்டு மின்னமைப்பை ஆயத்தப்படுத்துதல்

மின்சார காருக்கான சார்ஜரை வீட்டில் பொருத்துவதற்கு முன், மின்மானியிலிருந்து கார் நிற்கும் இடம் வரையுள்ள மின்னமைப்பு முழுவதையும் சோதித்து, தேவையானதை மாற்றியமைக்கும் வேலை இது. இதன் மையம் டிபி பெட்டி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டி. அனுமதிக்கப்பட்ட மின்பளு, மெயின் சுவிட்ச், மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்சிபி, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, சார்ஜருக்கான தனிக் கம்பி, எர்த் குழி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு வீடுகளை முதன்மையாகக் கொண்டது. இங்கே ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட். மும்முனை மின்சாரம் முனைகளுக்கிடையே 400 வோல்ட்டை ஒட்டியது. அலைவெண் 50 ஹெர்ட்ஸ்.

காரின் பளு எப்படி வேறுபடுகிறது

வீட்டில் அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகள் பெரும்பாலும் விட்டுவிட்டு ஓடுபவை. கீசர் பத்து, பதினைந்து நிமிடத்தில் தானே நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டி சூடானதும் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். தண்ணீர் மோட்டார் தொட்டி நிறையும்வரை ஓடும். மின்கார் அப்படியல்ல. 3.3 கிலோவாட் சார்ஜர் ஏறத்தாழ 14 ஆம்பியரையும், 7.2 கிலோவாட் சார்ஜர் ஏறத்தாழ 31 ஆம்பியரையும் மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்கும். காலியான 30 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட்டில் நிரப்ப, இழப்பையும் சேர்த்தால் பத்து மணி நேரம் ஆகும்.

கீசரைத் தாங்கிய கம்பி காரைத் தாங்காமல் போவதற்கு இந்த நெடுநேர ஓட்டமே காரணம். சாக்கெட்டின் பின்புறத்தில் ஒரு திருகு சற்றுத் தளர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் 0.1 ஓம் மின்தடை உண்டாகியிருக்கிறது என்று கொள்வோம். 15 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கும் மேல் வெப்பம் பிறக்கும். சாலிடரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் மூடி வைத்தது போன்ற சூடு அது. பத்து நிமிடத்தில் தெரியாத கேடு, ஐந்து மணி நேரத்தில் பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும். எம்சிபி இதைத் தடுக்காது. மின்னோட்டம் அளவுக்கு உட்பட்டே இருப்பதால் அதன் கண்ணில் எந்தத் தவறும் படாது. வீடு உறங்கும் நேரத்தில் இது நடக்கிறது என்பதால்தான் இந்த வேலையில் அலட்சியம் கூடாது.

சார்ஜ் செய்யும் முறைகள்

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61851 தரநிலை, சார்ஜ் செய்வதை நான்கு முறைகளாகப் பிரிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17017 வரிசை அதை ஒட்டியது. முதல் முறையில் வண்டியைக் கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லாமல் நேராக சாக்கெட்டில் செருகுகிறோம். இரண்டாம் முறையில் கேபிளின் நடுவே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். காருடன் கொடுக்கப்படும் 15 ஆம்பியர் பிளக் கேபிள் இந்த வகை. மூன்றாம் முறை, சுவரில் நிலையாகப் பொருத்தும் ஏசி சார்ஜர். நான்காம் முறை டிசி விரைவு சார்ஜர். அது சாலையோர நிலையங்களுக்கு உரியது.

சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்று அழைத்தாலும், ஏசி மின்சாரத்தை டிசி ஆக மாற்றிப் பேட்டரிக்குள் செலுத்தும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் கார் 3.3 கிலோவாட்தான் எடுக்கும். ஆகவே எந்த மாற்றத்தையும் தொடங்குமுன் காரின் உள்சார்ஜர் திறனைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியும் காரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதம் எளிமையானது. ஏழு முனைகள் கொண்ட டைப் 2 பிளக்கில் ஒரு முனை பைலட் எனப்படும் சைகைக்கு உரியது. கார் இணைக்கப்படாதபோது அதில் 12 வோல்ட் இருக்கும். இணைத்ததும் 9 வோல்ட்டாகும். கார் சார்ஜ் ஏற்க ஆயத்தமானதும் 6 வோல்ட்டாக இறங்கும். அதன் பிறகே பெட்டிக்குள் உள்ள கான்டாக்டர் மூடி மின்சாரம் பாயும். எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் அதே சைகை சொல்கிறது. நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் அந்தச் சைகை, ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு நேரம் உயர்ந்து நிற்கிறதோ அதை 0.6 ஆல் பெருக்கினால் ஆம்பியர் கிடைக்கும். 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியர். 50 விழுக்காடு என்றால் 30 ஆம்பியர். சார்ஜரின் அளவை வீட்டுக்கு ஏற்பக் குறைத்து வைக்க முடிவது இதனால்தான். பொருத்துபவர் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சையோ செயலியையோ கொண்டு 32 ஆம்பியரை 16 ஆக இறக்கிவிட்டால், அந்த வரம்பைக் கார் மீறாது.

சட்டப் பின்னணி

மின்வண்டிக்குச் சார்ஜ் வழங்குவது மின்சாரம் விற்பது ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டுதல், வீடுகளிலும் அலுவலகங்களிலும் தனியார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்றது. 2022 ஜனவரியில் திருத்தி வெளியிடப்பட்ட வழிகாட்டுதல், வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பையே அதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் உறுதி செய்தது. மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 பிப்ரவரித் திருத்தம், விரும்புவோர் மின்வண்டிக்கெனத் தனி இணைப்பு கேட்டுப் பெறவும் வழி செய்தது.

பாதுகாப்பு விதிகள் மத்திய மின்சார ஆணையத்தினுடையவை. சார்ஜிங் நிலையங்களுக்கான விதிகளை அது 2019இல் சேர்த்தது. 2023ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அவற்றுக்குத் தனி இடம் உண்டு. தனிக் கிளை, 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், எக்ஸ்டென்ஷன் கம்பிக்குத் தடை ஆகியவை அவற்றின் உயிர்நாடி. சாதாரண வீட்டுக்கும் இவற்றையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

மின்பளுக் கணக்கு

முதல் வேலை பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்கிடுவது. மின்வாரியம் ஒவ்வொரு இணைப்புக்கும் அனுமதிக்கப்பட்ட மின்பளு என்று ஒன்றைப் பதிவு செய்திருக்கிறது. இன்று தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருந்தாலும் மக்கள் பேச்சில் அது ஈபிதான். அந்த எண்ணையும், இரவு பத்து மணிக்கு வீட்டில் ஓடும் கருவிகளின் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: 4 கிலோவாட் அனுமதி பெற்ற ஒருமுனை இணைப்பு. இரண்டு படுக்கையறைகளில் ஏசி, ஒவ்வொன்றும் 1.5 கிலோவாட். பிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து 0.4 கிலோவாட். மொத்தம் 3.4 கிலோவாட். இதோடு 3.3 கிலோவாட் சார்ஜர் சேர்ந்தால் 6.7 கிலோவாட், அதாவது 29 ஆம்பியர், அனுமதியைத் தாண்டிவிட்டது. 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 10.6 கிலோவாட், 46 ஆம்பியர். பழைய வீட்டின் மெயின் சுவிட்சும் சர்வீஸ் கம்பியும் இதற்காகப் போட்டவை அல்ல. அனுமதிக்கப்பட்ட பளுவை உயர்த்த ஈபியில் விண்ணப்பிக்காமல் இதில் இறங்கக் கூடாது.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நடுத்தர மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடுகிறது. நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இழப்பையும் சேர்த்து 6 அல்லது 7 யூனிட் போதும். 3.3 கிலோவாட்டில் அது இரண்டு மணி நேரச் சங்கதி. நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்படி டைமர் வைத்தால், விடியுமுன் கார் ஆயத்தமாகிவிடும். அலுவலகம் போய்த் திரும்பும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு 7.2 கிலோவாட் வசதிதானே தவிர, தேவை இல்லை. சின்ன சார்ஜர் என்றால் கம்பியும் சின்னது, பளுவும் சிறியது, செலவும் குறைவு.

மின்கட்டணத்தில் விளையும் மாற்றத்தையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யூனிட் கூடக்கூட விலை கூடும் படிநிலையில் கணக்கிடப்படுகிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் கார், இரு மாதப் பட்டியலில் 350 யூனிட்டுக்கு மேல் சேர்க்கும். அது வீட்டு நுகர்வையும் மேல்படிக்குத் தள்ளிவிடும்.

ஒருமுனையும் மும்முனையும்

சில கிலோவாட் வரையிலான வீடுகளுக்கு ஒருமுனை இணைப்பும், அதற்கு மேல் மும்முனை இணைப்பும் தருவது வழக்கம். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுவோர் பெரும்பாலும் மும்முனைக்கு மாற நேரும். அங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. 10 கிலோவாட் மும்முனை இணைப்பு என்பது ஒரு முனைக்கு 3.3 கிலோவாட், அதாவது 14 அல்லது 15 ஆம்பியர் என்று சமமாகப் பிரியும் கணக்கு. 7.2 கிலோவாட் சார்ஜரோ ஒருமுனைக் கருவி; 31 ஆம்பியர் முழுவதையும் ஒரே முனையில் இழுக்கும். மொத்தம் வரம்புக்குள் இருந்தாலும் அந்த ஒரு முனை வரம்பை மீறிவிடும். ஆகவே அங்கே பளு மேலும் கூடாதபடி, சார்ஜர் வரும் முனையிலிருந்து ஏசி, கீசர் போன்றவற்றை மற்ற இரு முனைகளுக்கு மாற்றியமைக்க வேண்டும். 11 கிலோவாட் மும்முனை சார்ஜர் ஒரு முனைக்கு 16 ஆம்பியர் மட்டுமே எடுப்பதால் வீட்டுக்கு இதமானது. ஆனால் மும்முனை உள்சார்ஜர் எல்லாக் கார்களிலும் இல்லை.

அனுமதிக்கப்பட்ட பளு இடம் கொடுக்காத வீடுகளுக்கு இன்னொரு வழி, பளுவை அளந்து தானே தாழும் சார்ஜர். மெயின் கம்பியைச் சுற்றி ஒரு வளைய உணரியை மாட்டி, வீடு எடுக்கும் மின்னோட்டத்தை அது ஓயாமல் அளக்கும். கீசர் போட்டவுடன் சார்ஜர் 10 ஆம்பியருக்கு இறங்கும். அணைத்ததும் பழையபடி ஏறும்.

டிபி பெட்டிக்குள்

சார்ஜருக்கென்று டிபி பெட்டியிலிருந்து ஒரு தனிக் கிளை வேண்டும். அதே எம்சிபியில் வேறொரு சாக்கெட்டையோ விளக்கையோ சேர்க்கக் கூடாது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் உள்ள பழைய பலகையில் சார்ஜர் கொடுப்பதே தவறு. ஃபியூஸ் போகும்போதெல்லாம் கைக்குக் கிடைத்த கம்பி இழையை முறுக்கிப் போட்ட கட்டைக்குக் காக்கும் திறன் எதுவும் மிச்சமிராது. அங்கே முழுப் பலகையையும் மாற்றுவதே முதல் செலவு.

எம்சிபியின் அளவு, சார்ஜர் இழுக்கும் ஆம்பியரைவிட ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும். 16 ஆம்பியர் சார்ஜருக்கு 20, 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 என்பது நடைமுறை. காரணம் வெப்பம். வீட்டு எம்சிபிகள் 30 பாகை செல்சியஸைக் கொண்டு அளவிடப்பட்டவை. மேற்குச் சுவரில் பதித்த டிபி பெட்டிக்குள் அக்னி நட்சத்திர நாட்களில் அதைவிட மிக அதிகச் சூடு இருக்கும். அந்தச் சூட்டில் 32 ஆம்பியர் எம்சிபி 32 ஆம்பியரை நெடுநேரம் தாங்காமல் விழுந்துவிடும். அதன் இரு பக்கத்திலும் ஓர் இடம் காலியாக விடுவது நல்லது.

எம்சிபி காப்பது கம்பியை; மனிதரைக் காப்பது ஆர்சிசிபி. போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று அது பார்க்கிறது. 30 மில்லியாம்பியருக்கு மேல் வேறுபட்டால், யாரோ ஒருவர் உடல் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ மின்சாரம் கசிகிறது என்று கொண்டு துண்டிக்கும். சார்ஜருக்கு எந்த வகை என்பதில்தான் கவனம் வேண்டும். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் ஏசி வகை ஆர்சிசிபி, மாறுதிசைக் கசிவை மட்டுமே உணரும். காருக்குள் டிசி மின்சாரம் இருப்பதால், கசிவும் டிசி ஆக இருக்கலாம். சில மில்லியாம்பியர் டிசி பாய்ந்தாலே ஆர்சிசிபிக்குள் உள்ள காந்த வளையம் திகட்டி மரத்துப்போகக்கூடும். அப்போது உண்மையான கசிவு வந்தாலும் அது விழாது. ஆகவே விதிகள் குறைந்தது ஏ வகையைக் கேட்கின்றன. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டிசி உணரி இருந்தால் ஏ வகை போதும்; இல்லையென்றால் பி வகை வேண்டும். ஒருமுனைக்கு இரு துருவம், மும்முனைக்கு நான்கு துருவம் என, நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பதாக அது இருக்க வேண்டும்.

சார்ஜர் கிளையை வீட்டின் பொது ஆர்சிசிபிக்கு முன்னாலேயே பிரித்து, அதற்கென்று தனி ஆர்சிசிபி கொடுப்பது சிறந்த அமைப்பு. காரில் ஏற்படும் கசிவால் வீடு முழுவதும் இருளாகாது. காரின் டிசி கசிவு வீட்டு ஆர்சிசிபியை மரத்துப்போகச் செய்யவும் முடியாது. இடி மின்னல் மிகுந்த பகுதிகளில், மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றையும் இதே பெட்டியில் சேர்க்க வேண்டும். காரின் மின்னணுப் பகுதிகளின் விலையை நினைத்தால் அது சிறு தொகை.

கம்பி

எலக்ட்ரீஷியன்கள் கம்பியை ஸ்கொயர் கணக்கில் பேசுவார்கள்: ரெண்டரை ஸ்கொயர், நாலு ஸ்கொயர், ஆறு ஸ்கொயர். குறுக்குவெட்டுப் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதே இதன் பொருள். இங்கே மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: சார்ஜரின் ஆம்பியரைவிட எம்சிபி பெரியதாகவும், எம்சிபியைவிடக் கம்பியின் தாங்குதிறன் பெரியதாகவும் இருக்க வேண்டும்.

குழாய்க்குள் செல்லும் 6 ஸ்கொயர் செம்புக் கம்பி 30 பாகை வெப்பத்தில் 41 ஆம்பியர் தாங்கும். 40 பாகையில் அது 36 ஆம்பியராகக் குறைகிறது. அதற்கு 40 ஆம்பியர் எம்சிபி போட்டால், கம்பி சுடத் தொடங்கிய பிறகும் எம்சிபி விழாது. ஆகவே தமிழ்நாட்டுக் கோடையில் 32 ஆம்பியர் சார்ஜருக்கு 10 ஸ்கொயரே முறையானது. 40 பாகையிலும் அது 49 ஆம்பியர் தாங்கும். 16 ஆம்பியர் சார்ஜருக்கு 4 ஸ்கொயர் நிறைவாகப் போதும். ரெண்டரை ஸ்கொயர் விளிம்பில் நிற்கும். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காகக் கம்பியை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது, காய்ச்சல் இருக்கும்போது வெப்பமானியை உடைப்பதற்குச் சமம்.

நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிபி பெட்டியிலிருந்து 20 மீட்டர் தொலைவுக்கு 6 ஸ்கொயர் கம்பியில் 32 ஆம்பியர் அனுப்பினால் 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே குறையும். மின்னழுத்தம் ஏற்கெனவே தாழ்வாக உள்ள கிராமப்புறத் தடங்களில் இந்த இழப்பு உறுத்தும். நடுவில் இணைப்பு எதுவும் இல்லாத ஒரே கம்பியாக இழுப்பதும், முனைகளில் லக் அடித்து முறுக்குவதும் அவசியம். பழைய வீட்டில் அலுமினியக் கம்பி இருந்தால், அதைச் சார்ஜருக்குப் பயன்படுத்தவே கூடாது.

எர்த்

இந்த வேலையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது எர்த். மூன்று துளை சாக்கெட்டில் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் நம்மிடையே ஏராளம். கீசரும் பிரிட்ஜும் எர்த் இல்லாமலும் ஓடிவிடும். மின்கார் சார்ஜர் ஓடாது. எர்த் இல்லையென்று உணர்ந்தால் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அந்த விளக்கு வீட்டுக்குக் கிடைத்த நல்லெச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையை ஏமாற்ற, நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள் சேர்த்துக் கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அதைப் போன்ற கொலைக்கண்ணி வேறில்லை. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோனால், காரின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்று கார்க் கதவைத் தொடும் குழந்தைக்கு அப்போது தப்ப வழியில்லை.

முறையான எர்த் குழி ஐஎஸ் 3043 தரநிலையின்படி வீட்டுச் சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, ஈரம் நிற்கும் மண்ணில் தோண்டப்படுகிறது. பழைய வழக்கப்படி ஜிஐ பைப்போ செம்புத் தகடோ இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காக நிரப்புவார்கள். இப்போது ரசாயனக் கலவை நிரப்பிய எர்த் கம்பிகளும் கிடைக்கின்றன. கோடையில் மண் காய்ந்தால் மின்தடை கூடும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கம் மூடநம்பிக்கையல்ல, அது அறிவியல்.

நல்ல எர்த் இருந்தாலும் ஆர்சிசிபி ஏன் வேண்டும்? எர்த் மின்தடை 5 ஓம் என்று கொள்வோம். காரின் உடலில் மின்சாரம் பட்டால், எர்த் வழியாக 46 ஆம்பியருக்கு மேல் பாய முடியாது. 40 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 200 முதல் 400 ஆம்பியர் தேவை. ஆகவே எம்சிபி அசையாமல் நிற்கும். 30 மில்லியாம்பியரில் விழும் ஆர்சிசிபிதான் கண்ணிமைக்கும் நேரத்தில் உயிரைக் காக்கும். எர்த்தும் ஆர்சிசிபியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இணை.

இன்வெர்ட்டர், பேஸ் மாற்றி, சூரிய மின்சாரம்

தமிழ்நாட்டு வீடுகளில் காணும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டர். சில நூறு வாட் தாங்கும் இன்வெர்ட்டர் தடத்தில் சார்ஜர் சேர்ந்துவிடக் கூடாது. மின்சாரம் போனதும் காரும் நிற்பதே சரி. வந்ததும் தானே தொடங்கிவிடும். இன்வெர்ட்டரின் நியூட்ரலும் சார்ஜரின் நியூட்ரலும் எங்காவது கலந்திருந்தால், ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவதுபோல் தோன்றும்.

மற்றொன்று, மும்முனை வீடுகளில் உள்ள பேஸ் மாற்றும் சுவிட்ச். ஒரு முனையில் மின்சாரம் போனால் அதன் பளுவை மற்றொரு முனைக்குத் திருப்புவது நமக்குப் பழகிய கைவேலை. சார்ஜர் 31 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும் முனையில் வீட்டின் மற்றப் பளுவும் ஏறினால் கம்பி தாங்காது. சார்ஜர் கிளையை இந்த சுவிட்சுக்கு வெளியே வைத்து, பேஸ் மாற்றும் முன் சார்ஜரை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கூரையில் சூரியத் தகடு உள்ளவர்கள் பகலில் கார் வீட்டில் நிற்கும் நாட்களில் சார்ஜ் செய்வது சிக்கனம். சூரிய மின்சாரத்தின் அளவைப் பார்த்துத் தன்னை ஏற்றி இறக்கிக்கொள்ளும் சார்ஜர்களும் உள்ளன.

பொருத்தும் இடம்

விதிகளின்படி சார்ஜர் சாக்கெட், தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நிறுத்திய காரின் சார்ஜ் வாய் அங்கிருந்து 5 மீட்டருக்குள் அமைய வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு இங்கே இடமே இல்லை. காருடன் வந்த பிளக் கேபிளையே பயன்படுத்துவோர், சாதாரண சாக்கெட்டுக்குப் பதிலாக நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் பொருத்துவது மேல். நெடுநேரப் பளுவை அது நன்றாகத் தாங்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னையில், 800 மில்லிமீட்டர் போதாத தெருக்கள் பல. சுவரில் கடந்த வெள்ளத்தின் கறை எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே சார்ஜரையும் அதன் துண்டிப்பு சுவிட்சையும் வைக்க வேண்டும். வெளிச்சுவர் என்றால் தூசியும் மழைச்சாரலும் புகாத, குறைந்தது ஐபி 54 காப்பு உள்ள பெட்டி தேவை. மழை பெய்யும்போது சார்ஜ் செய்யலாம். தண்ணீர் தேங்கி நிற்கும்போது கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பு

அடுக்குமாடியில் மின்மானிகள் ஓரிடத்திலும் கார் நிறுத்தம் வேறிடத்திலும் இருக்கும். குடியிருப்பவரின் மின்மானியிலிருந்தே கார் நிற்கும் இடத்துக்குத் தனிக் கேபிள் இழுப்பது ஒரு வழி. பொது இணைப்பிலிருந்து கொடுத்து, உள்மானி வைத்துப் பிரித்துக்கொள்வது மற்றொரு வழி. முதல் கார் வரும்போதே பத்துக் கார்களுக்கான கேபிள் தட்டையும் பாதையையும் அமைத்துவிடும் சங்கங்கள் பிற்காலச் சண்டையைத் தவிர்க்கின்றன. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள், 2019 பிப்ரவரித் திருத்தத்தின் மூலம், புதிய கட்டடங்களில் வாகன நிறுத்தத்தின் 20 விழுக்காட்டுக்குச் சார்ஜ் வசதி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றன.

பிற நாடுகளில்

அமெரிக்க வீடுகளுக்கு 120, 240 வோல்ட் என இரு அழுத்தங்கள் வருகின்றன. பழைய வீடுகளில் 100 ஆம்பியர், புதிய வீடுகளில் 200 ஆம்பியர் பலகைகள் மிகுதி. அங்கே தேசிய மின் விதித்தொகுப்பின் 625ஆம் பிரிவு மின்வண்டிகளுக்கு உரியது. கார் சார்ஜரைத் தொடர் பளுவாகக் கொண்டு, அதன் மின்னோட்டத்தின் 125 விழுக்காட்டுக்குக் கம்பியும் பிரேக்கரும் அமைக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல், கார் நிறுத்தத்துடன் கட்டப்படும் புதிய வீடுகளில் சார்ஜ் முனை கட்டாயம். அழுத்தமும் விதியும் நாட்டுக்கு நாடு மாறினாலும், தனிக் கிளை, மின்கசிவுத் துண்டிப்பு, தொடர் பளுவுக்கேற்ற கம்பி என்ற மூன்றும் பொதுவானவை.

சோதனையும் பராமரிப்பும்

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமே ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் மெகர் கொண்டு கம்பியின் காப்புத்தன்மை, எர்த் மின்தடை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்ட் ஆகியவற்றை அளந்து எழுதி வாங்க வேண்டும். காரை இணைத்து முழுப் பளுவில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எம்சிபி, சாக்கெட், பிளக் மூன்றையும் வெளிப்புறமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு ஆபத்து. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும், திருகுகளை ஆண்டுக்கொருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு முறுக்குவதும் போதிய பராமரிப்பு.

கார் வாங்கும் நாளில் சார்ஜர் பெட்டி இலவசமாகவே கூட வரலாம். எர்த், ஆர்சிசிபி, கம்பி ஆகிய மூன்றும் அப்படி வருவதில்லை. வீட்டுக்காரர்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கார் வீட்டுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து டிபி பெட்டியைத் திறந்து காட்டுங்கள். எர்த்திலிருந்து தொடங்குங்கள், சார்ஜரைக் கடைசியில் மாட்டுங்கள்.